எழுத்துக்கு யார் பொறுப்பு? சிவகாசி அச்சும் பிடிஎஃப் கோப்பும்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் மறு ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அன்று தொடங்கும் ஓட்டம் தை பிறக்கும்வரை நிற்பதில்லை. தினசரி காலண்டர், மாதக் காலண்டர், டைரி, நோட்டுப் புத்தக அட்டை எல்லாம் ஒருபக்கம். தீபாவளிக்கு முன்பே கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய பட்டாசுப் பெட்டிகளும் லேபிள்களும் மறுபக்கம். விருதுநகர் எண்ணெய், பருப்பு வணிகர்களின் பாக்கெட்டுகளும் வெளிமாநிலக் கடைகளின் விளம்பரக் காலண்டர்களும் இங்கேதான் அச்சாகின்றன. ஆர்டரோடு ஒரு கோப்பும் வருகிறது. முன்பு சிடியில் வந்தது; பிறகு பென்டிரைவில் வந்தது; இப்போது மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிறது.

அந்தக் கோப்பை அச்சகத்தில் திறக்கும்போதுதான் சிக்கல் தெரியவருகிறது. ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. படம் இருந்த இடம் காலியாகக் கிடக்கிறது. கடையின் பெயர் எழுதிய நீலம் ஊதாவாகிவிட்டது. திறக்கும்போது தெரிந்தால் நல்லது. பிளேட் போட்டு, தாள் ஓடி, கட்டிங் முடிந்த பிறகு தெரிந்தால் தாளும் மையும் கூலியும் போனதுதான். நட்டம் யாருடையது என்ற வாக்குவாதம் அப்போது தொடங்கும். "நீங்கள் அனுப்பிய ஃபைல் அப்படி" என்பார் அச்சகத்தார். "என் கம்ப்யூட்டரில் சரியாக இருந்ததே" என்பார் வாடிக்கையாளர். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

எந்த ஆவணத்தை, எந்த வழியில் பிடிஎஃப் ஆக்கினால் திரையில் கண்டது தாளில் மாறாமல் வரும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி. இதற்கு உலக அளவில் விதிமுறைகள் வந்து 20 ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அவை பெரும்பாலும் ரோமன் எழுத்தையும் ஐரோப்பிய, அமெரிக்க அச்சகங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தமிழ் எழுத்து, சிவகாசியின் வேலைமுறை ஆகிய இரண்டையும் வைத்துப் பார்த்தால் விடை சற்று வேறாகிறது என்பது என் கருத்து.

எழுத்து அச்சகத்தில் இருந்த காலம்

1920-களின் தொடக்கத்தில் ப. அய்யநாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதை இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிள் வேண்டுமென்றால் அச்சு வேண்டும். சிவகாசி அச்சுத்தொழில் அந்தத் தேவையிலிருந்து முளைத்தது. மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த இந்தக் கரிசல் பூமி வெடிமருந்துக்கும் ஏற்றதாயிற்று, தாளுக்கும் ஏற்றதாயிற்று. பக்கத்து ஊரான கோவில்பட்டியில் இருந்துகொண்டு ஓவியர் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசிக் காலண்டர்களாகி நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் ஏறின.

அந்நாளில் ஓவியம் மட்டும்தான் வெளியிலிருந்து வந்தது. அதன் நிறங்களைப் பிரித்துக் கல்லிலும் தகட்டிலும் ஏற்றியவர்கள் அச்சகத்தின் ஆட்கள். பிறகு கேமராவும் நெகட்டிவும் பாசிட்டிவும் வந்தபோதும் நிறத்துக்குப் பொறுப்பு அச்சகத்திடமே இருந்தது. எழுத்தும் அப்படித்தான். வாடிக்கையாளர் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். ஈய எழுத்துகள் அச்சகத்தின் கேஸ்களில் இருந்தன. கம்பாசிட்டர் எடுத்து அடுக்கியது அப்படியே மெஷினில் ஏறியது. பிழை இருந்தால் அது கோத்தவரின் பிழை அல்லது புரூப் பார்த்தவரின் பிழை. எழுத்தே வேறு எழுத்தாக மாறிப்போவது என்ற ஒன்று அன்று கிடையாது.

டிடிபி இதைப் புரட்டிப்போட்டது. ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் 1985-இல் வெளிவந்தது. அதன்பின் பக்கம் கட்டும் வேலை மெல்ல மெல்ல அச்சகத்தை விட்டு வெளியே போனது. எழுத்துருவும் நிறப்பிரிப்பும் வாடிக்கையாளரின் கணினிக்கு, அல்லது அவர் வீட்டுத் தெருவிலுள்ள டிடிபி கடைக்கு இடம்பெயர்ந்தன. வேலை மாறிய அளவுக்குப் பொறுப்பு மாறவில்லை. இன்றைய வாக்குவாதங்களுக்கெல்லாம் வேர் இதுதான்.

அடோபி நிறுவனத்தின் ஜான் வார்னாக் 1991-இல் எழுதிய ஒரு குறிப்பிலிருந்து பிடிஎஃப் பிறந்தது. 1993-இல் அது வெளியாயிற்று. 2008-இல் ஐஎஸ்ஓ 32000 என்ற எண்ணோடு பன்னாட்டுத் தரமாயிற்று. எந்தக் கணினியில் உருவான ஆவணமும் எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதே வார்னாக்கின் எண்ணம். எழுத்தின் வடிவம், அது பக்கத்தில் நிற்கும் இடம், படம், நிறம் அனைத்தையும் ஒரே கோப்பில் கட்டிவிடுவது அதன் வழி. ஈய எழுத்தைக் கேஸோடு தூக்கிக்கொண்டு அச்சகத்துக்குப் போவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். கேஸில் எந்த எழுத்தைப் போட்டோமோ அதுதான் அங்கே போகும்.

ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

தமிழ்ப் பிடிஎஃப் கெடும் முதல் இடம் எழுத்துரு. பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்ற சொல்லை அடிக்க ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்து விசைகளையும் அரைப்புள்ளியையும் தட்ட வேண்டும். கணினியின் நினைவில் இருப்பது அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். பாமினி என்ற சட்டையைப் போட்டிருக்கும்வரை அவை தமிழாகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் சட்டை கழன்று ஆங்கிலக் குப்பையாக நிற்கும். டிஸ்கி, டாம், டாப் என்று ஒவ்வொரு குறிமுறைக்கும் ஒவ்வொரு சட்டை. மென்பொருள் விற்ற நிறுவனங்களின் சொந்தக் குறிமுறைகள் வேறு. ஒரே பெயரில் இரண்டு எழுத்துருக்கள் சற்றே மாறுபட்ட உள்ளடக்கத்தோடு உலவுவதும் உண்டு. அப்போது கோப்பு முழுக்கச் சரியாகத் தெரியும். ஒரு ஸ்ரீயோ ஒரு ரூபாய்க் குறியோ மட்டும் வேறொன்றாகியிருக்கும். கண்ணில் படாமல் தப்பிப்பது இந்த வகைப் பிழைதான்.

இந்த இடத்தில் பிடிஎஃப் உண்மையிலேயே காப்பாற்றுகிறது. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதித்துவிட்டால் அச்சகத்தில் அது இருக்கிறதா என்ற கேள்வியே எழாது. பொதிந்திருக்கிறதா என்று பார்க்கப் பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள் தேவையில்லை. இலவச அக்ரோபேட் ரீடரில் கோப்பின் பண்புகளைத் திறந்தால் எழுத்துருப் பட்டியல் ஒன்று இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது உட்பொதிந்தது என்ற குறிப்பு இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் கோப்பை அனுப்பக் கூடாது. அரை நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் வரும் கோப்புகளால் வீணாகும் நேரத்தைச் சீசன் காலத்தில் டிசைன் அறையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

ஒருங்குறி வந்துவிட்டதே, இனி இந்தத் தொல்லை எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியையும் டேஸ்16 முறையையும் ஏற்று ஆணையிட்டது. இணையமும் கைப்பேசியும் ஒருங்குறியில்தான் நடக்கின்றன. ஆனால் பக்கம் கட்டும் மென்பொருளுக்குத் தமிழை அடுக்கத் தெரிய வேண்டும். ஒருங்குறியில் "கெ" என்பது முதலில் ககரமாகவும் அடுத்துக் கொம்பாகவும் பதிவாகிறது. காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. பேஜ்மேக்கருக்கு அது தெரியாது. இன்டிசைனுக்கு 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்பிலிருந்து தெரியும். அப்போதும் பத்தி அமைப்பில் "வேர்ல்டு ரெடி" என்ற முறையைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். தேர்ந்தெடுக்காமல் ஒட்டினால் கொம்புகள் பின்னால் தொங்கும். அதைப் பிடிஎஃப் ஆக்கினால் தொங்கும் கொம்பும் பத்திரமாகப் பொதிந்து அச்சுக்குப் போய்விடும். எழுத்துருப் பட்டியலில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். இந்தப் பிழையை எந்தக் கருவியும் சொல்லாது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் கண்ணால் படித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

ஒருங்குறியில் வந்த கட்டுரையைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் கட்டுவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. பழகிய மென்பொருளை விட மனமில்லை என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அந்த மாற்றத்தில் மேற்கோள் குறிகளும் இடைக்கோடும் கலந்துவரும் ஆங்கிலச் சொற்களும் முதலில் அடிபடும். மாற்றியபின் மூலத்தோடு ஒப்பிட்டு மறுபடி ஒருமுறை மெய்ப்பு பார்க்காமல் பிடிஎஃப் எடுப்பது தவறு.

"கர்வ் பண்ணிட்டீங்களா?"

சிவகாசியில் கோப்பு கொடுக்கப் போனவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். கோரல்டிராவில் எழுத்தையெல்லாம் கோட்டோவியமாக மாற்றிவிடுவதற்குப் பெயர் கர்வ் செய்வது. மாற்றியபின் அது எழுத்தாக இருக்காது, எழுத்தின் வரைபடமாகிவிடும். எழுத்துரு தேவையில்லை, மாறிப்போகுமே என்ற பயமும் இல்லை. எத்தனையோ குறிமுறைகளால் அடிபட்ட ஊர் தன் அனுபவத்தில் கண்டுபிடித்த மருந்து இது. இதை அறியாமை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஒற்றைப் பக்க லேபிளுக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் அது இன்றும் நல்ல வழிதான். பெட்டியில் இருப்பது பத்துப் பதினைந்து சொற்கள். அவையும் பெரும்பாலும் வளைத்து, நிழலிட்டு, நெருப்புப்பொறி பறக்க வரைந்த எழுத்துகள்.

அதே மருந்தைப் புத்தகத்துக்கும் தினசரி காலண்டருக்கும் கொடுப்பதுதான் கேடு. தினசரி காலண்டரின் ஒவ்வொரு தாளிலும் திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் உண்டு. ஆண்டுக்கு 365 தாள், லீப் ஆண்டில் 366. அரசு விடுமுறைப் பட்டியல் அக்டோபர், நவம்பரில்தான் வரும். வந்தபின் தேதிகளைத் திருத்த வேண்டும். கர்வ் செய்த கோப்பில் ஒரு சொல்லைத் தேட முடியாது, ஒரு நேரத்தைத் திருத்த முடியாது. மூலக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்று தேடி அலைய வேண்டும். போதாததற்கு, சில பழைய தமிழ் எழுத்துருக்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் கோடுகள் உண்டு. அவற்றைக் கர்வ் செய்து ஒன்றாக இணைத்தால் ஏறி நிற்கும் இடம் வெள்ளை ஓட்டையாகிவிடும். எழுத்துருவை உள்ளே பொதித்த பிடிஎஃப் இத்தனைக்கும் மாற்று. எழுத்து எழுத்தாகவே இருக்கும், ஆனால் மாறாது.

ஜேபெக் படமாக அனுப்புவது இதைவிடத் தாழ்ந்த வழி. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று எடுத்த படம் புகைப்படத்துக்குப் போதும், எழுத்துக்குப் போதாது. பிளேட் எடுக்கும் சிடிபி எந்திரம் பொதுவாக அங்குலத்துக்கு 2400 புள்ளி வைக்கிறது. பிடிஎஃப்பில் எழுத்தாகப் போனது அந்த நுணுக்கத்தில் விழும். படமாகப் போன எழுத்தின் ஒவ்வொரு பிக்சலும் 64 புள்ளி கொண்ட ஒரு சதுரமாக விழும். ளகர, ணகரச் சுழிகளின் விளிம்பு மொரமொரப்பாகத் தெரிவது அதனால்தான்.

கறுப்பு என்று நாம் நினைப்பது

இக்கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வேர்டு மென்பொருளுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய திரை நிறங்கள் மட்டுமே தெரியும். அச்சகத்தின் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு அதற்குத் தெரியாது. வேர்டிலிருந்து பிடிஎஃப் எடுத்து, அதை வண்ண அச்சுக்காக அப்படியே நான்கு நிறமாக மாற்றினால், கறுப்பு எழுத்து நான்கு மைகளும் கலந்த கறுப்பாகிவிடக் கூடும். திரையில் வித்தியாசம் தெரியாது. மெஷினில் நான்கு பிளேட்டும் மயிரிழை விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் அந்த எழுத்து துலக்கமாக வரும். ரெஜிஸ்டர் கொஞ்சம் அவுட் ஆனாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாக நிழல் தட்டும். உடல் எழுத்து கறுப்புப் பிளேட்டில் மட்டும் 100 விழுக்காடு இருக்க வேண்டும், அடியில் உள்ள நிறத்தின்மேல் ஓவர்பிரின்ட் ஆக வேண்டும் என்பது அடிப்படை விதி.

தமிழுக்கு இது இன்னும் கூர்மையான பிரச்சினை. ரோமன் எழுத்தில் ஐ எழுத்தின் தலைப்புள்ளி அடைந்தாலும் சொல் கெடாது. நம்முடைய புள்ளி அடைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் கும்பாபிஷேக மலரை நான் தொகுத்தேன். நன்கொடையாளர் பெயர்களை அடர்ந்த மெரூன் பின்னணியில் 8 பாயின்ட் வெள்ளை எழுத்தில் அமைத்திருந்தோம். நான்கு நிறமும் சேர்ந்த அந்தப் பின்னணி வெள்ளைப் புள்ளிகளுக்குள் கசிந்து பலவற்றை அடைத்துவிட்டது. முருகன் "முருகன" ஆனார், சுப்பம்மாள் "சுபபம்மாள" ஆனார். அச்சகத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. கோப்பை அப்படி அமைத்துக் கொடுத்தவர்கள் நாங்கள். பணம் கொடுத்தவர்கள் தங்கள் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மலரை மூடிவைத்தது இன்றும் என்னை உறுத்துகிறது. வெள்ளை எழுத்து வேண்டுமானால் பெரிதாக, தடித்ததாக வையுங்கள். பின்னணியை ஒன்றிரண்டு மைக்குள் அடக்குங்கள்.

வெள்ளை எழுத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. கறுப்பு எழுத்தாக இருந்தபோது ஓவர்பிரின்ட் கொடுத்துவிட்டு, பிறகு அதை வெள்ளையாக மாற்றினால் ஓவர்பிரின்ட் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். வெள்ளை மை என்று ஆஃப்செட்டில் வழக்கமாக எதுவும் ஓடுவதில்லை, தாள்தான் வெள்ளை. ஆகவே "வெள்ளையை மேலே அச்சிடு" என்றால் ஒன்றுமே அச்சாகாது, பின்னணி நிறம் எழுத்தை விழுங்கிவிடும். அக்ரோபேட்டில் ஓவர்பிரின்ட் முன்தோற்றத்தை இயக்கினால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

தனிக் கறுப்பில் அச்சாகும் புத்தகத்துக்கு வேர்டு பிடிஎஃப் போதும். முழுவதையும் சாம்பல்நிலைக்கு மாற்றிக் கறுப்புப் பிளேட் மட்டும் எடுத்துவிடலாம். ஒரே நிபந்தனை: தாள் அளவைத் தட்டச்சு தொடங்கும்போதே வைத்துவிட வேண்டும். டெமி 1/8 புத்தகத்தை ஏ4 தாளில் அடித்துக் கடைசியில் சுருக்கினால் எழுத்து நொய்ந்துபோகும்; கடைசியில் பக்க அளவை மாற்றினால் பக்கங்கள் எல்லாம் நகர்ந்துவிடும். வண்ணப் புத்தகம் என்றால் வேர்டிலிருந்து நேராக அனுப்பாதீர்கள். பக்கம் கட்டும் மென்பொருள் வழியாக வாருங்கள்.

தினசரி காலண்டர் தாள் கறுப்பும் சிவப்பும் கொண்ட இரண்டு நிற வேலை. ஞாயிறும் விடுமுறையும் சிவப்பு. திரைச் சிவப்பை அப்படியே மாற்றினால் மெஜந்தாவும் மஞ்சளுமாக இரண்டு பிளேட்டுக்குப் பிரிந்துவிடும். இரண்டு நிற மெஷினுக்கு அது உதவாது. சிவப்பைத் தனி நிறமாகப் பெயரிட்டு வைக்கலாம். அல்லது மெஜந்தா பிளேட்டில் 100 விழுக்காடாக வைத்து, மெஷினில் மெஜந்தாவுக்குப் பதில் சிவப்பு மையை ஓட்டலாம். எதைச் செய்தாலும் அச்சகத்தாரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பட்டாசுப் பெட்டி தனி உலகம். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சும் மின்னும் பச்சையும் இல்லாமல் பெட்டி கிடையாது. திரையில் ஒளிரும் அந்த நிறங்கள் பலவும் நான்கு மையின் எல்லைக்குள் வருவதில்லை. சுத்தமான திரை நீலம் ஊதாவாக இறங்கும், பச்சை மங்கும். அது அச்சகத்தின் குறை அன்று, மையின் எல்லை. ஒளிரும் நிறமே வேண்டுமானால் அதற்கென்று தனி மை போட வேண்டும், பிடிஎஃப்பிலும் அதைத் தனி நிறமாகவே வைக்க வேண்டும். தங்க ஃபாயில், ஸ்பாட் யூவி, டை கட்டிங் கோடு ஒவ்வொன்றும் அப்படித்தான்: தனிப் பெயர், தனிப் பிளேட், கண்டிப்பாக ஓவர்பிரின்ட். டை கோட்டுக்கு ஓவர்பிரின்ட் கொடுக்க மறந்தால், கோட்டை நீக்கியபின் அதன் அடியில் வெள்ளை வரி ஒன்று பெட்டியைச் சுற்றி ஓடும்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டுத் தீர்ப்பளித்தது. அதற்குப்பின் பெட்டியில் பசுமைப் பட்டாசு முத்திரையும் கியூஆர் குறியீடும் இடம்பிடித்தன. வாங்குபவர் கைப்பேசியை நீட்டிச் சரிபார்க்க வேண்டிய குறி அது. அதைப் படமாக ஒட்டி, நான்கு நிறக் கறுப்பில், மின்னும் பின்னணியின்மேல் அச்சிட்டால் கைப்பேசி படிக்காமல் போகலாம். வெள்ளைப் பின்னணி, கறுப்புப் பிளேட் மட்டும், கோட்டோவிய வடிவம், சுற்றிலும் காலி இடம் என இந்த நான்கும் இருந்தால் படிக்கும். 890 என்று தொடங்கும் பார்கோடுக்கும் இதே விதி. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகள் எண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் வைத்திருக்கின்றன. பிடிஎஃப் எடுக்கும்போதோ அச்சிடும்போதோ "பக்கத்துக்குள் பொருத்து" என்பதைத் தவறுதலாக அழுத்திக் கோப்பு 3 விழுக்காடு சுருங்கினாலும் அந்த உயரம் குறையும், டை பொருந்தாது.

அளவும் விளிம்பும்

படத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல். 15க்கு 20 அங்குலக் காலண்டர் படத்துக்கு 4500க்கு 6000 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப் போகும். நீளவாட்டில் 1600 பிக்சலாகச் சுருங்கிய முருகனை 20 அங்குலத்தில் வைத்தால் அங்குலத்துக்கு 80தான் மிஞ்சும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும்.

விளிம்புவரை நிறம் போகும் வேலைக்கு நாலா பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நிறத்தை நீட்டிக் கட்டிங் மார்க்கோடு கொடுங்கள். அடுக்கி வைத்த தாள்கட்டைக் கத்தி வெட்டும்போது அரை மில்லிமீட்டர் நகர்வது இயல்பு. புத்தகப் பக்கங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அனுப்பாதீர்கள்; 1, 2, 3 என்று ஒற்றைப் பக்கங்களாக அனுப்புங்கள். 16 பக்க ஃபார்மில் 1-ம் பக்கத்தோடு 16 சேரும், 8-ம் பக்கத்தோடு 9 சேரும். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17 வரும். அந்தக் கணக்கை அச்சகம் பார்த்துக்கொள்ளும். மையின் மொத்தக் கனமும் ஒரு கணக்கு. நான்கு மையும் முழுதாக வைத்தால் 400 விழுக்காடு. ஆர்ட் பேப்பர் ஏறத்தாழ 300 தாங்கும், செய்தித்தாள் 240 அளவில் நிற்கும். மிஞ்சினால் காயாது, அடுத்த தாளின் முதுகில் ஒட்டும்.

எக்ஸ்-1ஏ, எக்ஸ்-4

இத்தனை விதிகளையும் ஒவ்வொன்றாக நினைவில் வைக்க முடியாது என்பதால்தான் அச்சுக்கென்று பிடிஎஃப்/எக்ஸ் என்ற தனி வகையை உருவாக்கினார்கள். 2001-இல் வந்தது எக்ஸ்-1ஏ. எழுத்துரு முழுக்கப் பொதிந்திருக்க வேண்டும், நிறம் நான்கு மையிலோ தனி நிறத்திலோ மட்டும் இருக்க வேண்டும், ஒளிபுகும் அடுக்குகள் எல்லாம் தட்டையாக்கப்பட்டிருக்க வேண்டும் என்பன அதன் கட்டளைகள். 2008-இல் வந்த எக்ஸ்-4 ஒளிபுகும் அடுக்குகளை அப்படியே விட்டுவைக்கிறது. நிற விவரத்தோடு கூடிய திரை நிறங்களையும் ஏற்கிறது. கோப்பைப் பிளேட்டுக்கான புள்ளிகளாக மாற்றும் ரிப் மென்பொருள் புதியதாக உள்ள அச்சகத்துக்கு எக்ஸ்-4 மேலானது. தட்டையாக்கும்போது நிழலைச் சுற்றித் தோன்றும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் அதில் வருவதில்லை.

சிவகாசிக்கு எது? எல்லாருக்கும் ஒரே விடை சொல்வதை நான் ஏற்கவில்லை. புத்தம்புது மெஷினும் பழைய மெஷினும் அடுத்தடுத்த தெருவில் ஓடும் ஊர் இது. வெளியூரிலிருந்து முதல்முறை ஆர்டர் கொடுப்பவர், அச்சகத்தின் ரிப் எது என்று தெரியாதவர், லேபிளும் பெட்டியும் அச்சிடுபவர் ஆகியோருக்கு எக்ஸ்-1ஏ. வாடிக்கையாக ஒரே அச்சகத்தோடு வேலை செய்பவர், புகைப்படமும் நிழலும் நிறைந்த காலண்டரோ மலரோ செய்பவர் அச்சகத்தைக் கேட்டுவிட்டு எக்ஸ்-4. எதை எடுத்தாலும் நிற அமைப்பைப் பாருங்கள். மென்பொருளோடு வரும் இயல்பு அமைப்பு பெரும்பாலும் அமெரிக்க வெப் ஆஃப்செட்டுக்கானது. அதை மாற்றாமலே இங்கு நிறையக் கோப்புகள் வருகின்றன. அச்சகம் எந்த நிற விவரத்தைப் பயன்படுத்துகிறதோ அதைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

விலை கொடுத்து மென்பொருள் வாங்க முடியாத டிடிபி கடைக்காரர்களுக்கு ஒரு செய்தி. இலவசமான ஸ்கிரைபஸ் இந்த பிடிஎஃப்/எக்ஸ் வகைகளை எடுத்துக்கொடுக்கிறது. 2024-இல் வந்த அதன் 1.6 பதிப்பு தமிழ் ஒருங்குறியைச் சரியாக அடுக்குகிறது. திருட்டுப் பதிப்பில் தடுமாறுவதைவிட இதைப் பழகிக்கொள்வது நல்லது.

பிடிஎஃப்/எக்ஸ் முத்திரை பெற்ற கோப்பிலும் கொம்பு பின்னால் தொங்கலாம், புள்ளி அடையும்படி எழுத்து அமைந்திருக்கலாம், ராகு காலம் தவறாக இருக்கலாம். முத்திரை அவற்றுக்குப் பொறுப்பேற்காது. அதனால் அச்சகம் தன் ரிப் வழியாக எடுத்துத் திருப்பி அனுப்பும் புரூப்தான் கடைசி ஆவணமாக இருக்க வேண்டும். அதைப் படித்து, தேதியிட்டு, ஒப்புதலை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒப்புதலுக்குப்பின் வந்த கோளாறு மெஷினில் நேர்ந்ததென்றால் அச்சகத்துடையது. கோப்பில் இருந்ததென்றால் வாடிக்கையாளருடையது. இந்த வரையறை இருந்தால் சண்டைகளில் பெரும்பகுதி எழாது.

அச்சக உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாள் அளவு, விளிம்பு, எழுத்துரு, கறுப்பு, தனி நிறம், பிடிஎஃப் வகை, நிற விவரம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில், தமிழில், உங்கள் சங்கத்தின் பெயரால் எழுதி எல்லா அச்சகங்களுக்கும் பொதுவாக வெளியிடுங்கள். அடுத்த ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வாங்க வரும் ஒவ்வொரு ஏஜென்டின் கையிலும் அந்தத் தாளைக் கொடுத்து அனுப்புங்கள். கோப்பு அனுப்புகிறவர்களுக்கும் ஒன்று: அனுப்பும் முன் அந்தப் பிடிஎஃப்பை உங்கள் எழுத்துருக்கள் இல்லாத வேறொரு கணினியில் திறந்து, பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக ஒருமுறை படித்துவிட்டு அனுப்புங்கள்.